ஓல்டு பெய்லி ஏடுகளில் உழைக்கும் பெண்களைத் தேடிப் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் பாத்திரம் தேய்த்தும் துணி வெளுத்தும் பட்டு நூல் சுற்றியும் பிழைத்த பெண்களில் பெரும்பாலோர் தம் கைப்பட ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவர்கள் வாயிலிருந்து வந்த சொல் இன்று எங்காவது மிஞ்சியிருந்தால், அது அநேகமாக ஏதோ ஒரு நீதிமன்ற ஏட்டில்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஏடுகளில் நம் கைக்கு மிக எளிதில் எட்டுவது லண்டன் ஓல்டு பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தின் விசாரணைத் தொகுப்பு. 1674 முதல் 1913 வரை அச்சில் வந்த அதில் 1,97,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் உள்ளன. 2003 முதல் அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால் போதும், கைபேசியிலேயே படிக்கலாம்.

படிப்பதுதான் சிக்கல். ஒரு வேலைக்காரப் பெண் வெள்ளிக் கரண்டி திருடினார், குற்றம் உறுதியானது, கடல் கடந்து அனுப்பப்பட்டார் என்று நான்கு வரியில் ஒரு வழக்கு முடிந்துவிடும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் கிடைப்பது திருட்டுக் கதை மட்டுமே. அந்த நான்கு வரியிலும் சட்டம் தன் தேவைக்காகப் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்த பிறகுதான் அந்தப் பெண் நம் கண்ணில் படுகிறார். எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் இந்த வழிகாட்டி சொல்கிறது. 1674 முதல் 1800 வரையிலான காலமே இங்கே நமக்கு முக்கியம்.

படி 1: கையில் இருப்பது என்ன ஏடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஓல்டு பெய்லி ஆண்டுக்கு எட்டு முறை கூடியது. லண்டன் நகரத்திலும் மிடில்செக்ஸ் மாவட்டத்திலும் நடந்த பெரிய குற்றங்கள் அங்கே விசாரணைக்கு வந்தன. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அந்த விசாரணைகளைத் தொகுத்து அச்சிட்டுத் தெருவில் விற்றார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர்களை நம்பி நடந்த வெளியீடு அது என்பதை மறக்க வேண்டாம். கொலை, வழிப்பறி, பரபரப்பான மோசடி போன்றவற்றுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கும். சாதாரணத் திருட்டு இரண்டு வரியில் போய்விடும். 1670-களின் ஏடுகளில் பல பெண்களுக்குப் பெயர்கூட இல்லை. 1730-களில்தான் கேள்வியும் பதிலுமாக விரிவான சாட்சியங்கள் வரத் தொடங்குகின்றன. புதிதாகப் படிப்பவர்கள் அந்தப் பத்தாண்டிலிருந்து தொடங்குவது நல்லது.

இன்னொன்று: 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆகவே நாம் 1733 பிப்ரவரி என்று சொல்வதை அக்காலத்து ஆவணம் 1732 பிப்ரவரி என்று எழுதியிருக்கும். இது தெரியாமல் வேறு ஆவணத்தோடு ஒப்பிட்டால் ஒரு வருடம் இடிக்கும்.

படி 2: குற்றத்தின் பெயரை விட்டுவிட்டுப் பொருளின் பெயரால் தேடுங்கள்

இணையதளத்தில் காலம், பாலினம், குற்ற வகை, தீர்ப்பு, தண்டனை என்று சல்லடை போட்டுத் தேட வசதி உண்டு. பாலினத்தில் பெண் என்றும், காலத்தில் ஏதாவது ஒரு பத்தாண்டையும் தேர்ந்தெடுங்கள். அப்புறம் தேடுசொல் பெட்டியில் ஏப்ரன் (apron, உடைக்கு மேல் கட்டும் முன்துணி), லாண்ட்ரஸ் (laundress, துணி வெளுப்பவர்), பான்புரோக்கர் (pawnbroker, அடகுக் கடைக்காரர்), லாட்ஜிங் (lodging, வாடகை அறை) போன்ற ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பாருங்கள். திருட்டு என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். ஏப்ரன் என்று தேடினால் ஒரு வீட்டின் சமையற்கட்டுக்குள்ளேயே போய்விடலாம். அக்காலத்தில் எழுத்துக்கூட்டல் ஒழுங்கில்லை என்பதால் ஒரே சொல்லை இரண்டு மூன்று விதமாக எழுதித் தேட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு வழக்குக்கும் ஓர் அடையாள எண் இருக்கிறது. டி (t) என்ற ஆங்கில எழுத்துக்குப் பின் வரும் எட்டு இலக்கம் அந்த நீதிமன்றக் கூட்டம் தொடங்கிய தேதி. 17330221 என்றால் 1733 பிப்ரவரி 21. இந்த எண்ணை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மூல அச்சுப் பக்கத்தின் படமும் பக்கத்திலேயே இருக்கும். சந்தேகம் வந்தால் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

தேடும்போது ஒரு விஷயம் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1690-களிலிருந்து 1740-கள் வரை குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெண்கள் சுமார் 40 சதவீதம். 18-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவர்கள் பாதிக்கும் மேல். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஏறக்குறைய 22 சதவீதமாக இறங்கிவிடுகிறது. பிரெஞ்சுப் போர்களுக்காக ஆண்கள் படைக்குப் போயிருந்தது ஒரு காரணம். வேலை தேடி இளம்பெண்கள் தனியாக லண்டனுக்கு வந்து குவிந்தது இன்னொரு காரணம். பணக்கார வீடுகளும் கடைகளும் நிறைந்த நகரத்தில், நாள் முழுக்க அடுத்தவர் பொருளைத் துடைத்து மடித்து அடுக்குவதே அவர்கள் வேலையாக இருந்தது.

படி 3: வழக்கைக் கொண்டுவந்தவர் யார் என்று பாருங்கள்

அந்தக் காலத்து லண்டனில் இன்றைய போலீஸ் கிடையாது, அரசு வழக்கறிஞரும் கிடையாது. பொருளைப் பறிகொடுத்தவரே ஆளைப் பிடித்து, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, குற்றப்பத்திரிகை எழுதக் கட்டணம் கட்டி, சாட்சிகளைத் திரட்டி வழக்கை நடத்த வேண்டும். செலவும் அலைச்சலும் ஆகும் என்பதால் பல எஜமானர்கள் வேலைக்காரப் பெண்ணை வீட்டைவிட்டு விரட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே ஒரு வழக்கு ஓல்டு பெய்லி வரை வந்திருக்கிறது என்றாலே, யாரோ ஒருவர் அத்தனை தூரம் இழுத்து வந்திருக்கிறார் என்று பொருள். அவருக்கு அதில் என்ன முனைப்பு என்று கேட்டுப் பாருங்கள். பழைய பகையா, சம்பள பாக்கியா, ஏற்கெனவே வீட்டில் நடந்த வேறு விவகாரமா?

பல வழக்குகளில் பொருள் அகப்படும் இடம் அடகுக் கடை. பெண்கள் திங்கட்கிழமை பாவாடையை அடகு வைத்து, கூலி வந்ததும் சனிக்கிழமை மீட்பது அன்றைய அன்றாடப் பிழைப்பு. வாடகை அறையில் குடியிருந்தவர்கள் அந்த அறையின் படுக்கை விரிப்பையோ இஸ்திரிப் பெட்டியையோ அடகு வைத்துவிட்டு, மீட்டுவிடலாம் என்று இருந்திருப்பார்கள். அதற்குள் வீட்டுக்காரி பார்த்துவிட்டால் திருட்டு வழக்கு. வாடகை அறைப் பொருளை எடுப்பது திருட்டே என்று 1691-இல் தனியாகச் சட்டம் போட்டார்கள். ‘மீட்டுத் தருவதாக இருந்தேன்’ என்ற வாதம் இந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும். அதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் பெண்கள் உண்மையிலேயே அப்படித்தான் வாரத்தை ஓட்டினார்கள்.

படி 4: பெயருக்குப் பக்கத்தில் உள்ள அடையாளத்தை நம்பாதீர்கள்

ஆணின் பெயருக்குப் பக்கத்தில் தச்சர், கூலியாள் என்று தொழில் இருக்கும். பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் மணமாகாதவர், இன்னாரின் மனைவி, விதவை என்ற மூன்றில் ஒன்றுதான். அதிலும் மணமாகாதவர் என்பதை முழுதாக நம்ப முடியாது. மணமான பெண்களையும் குற்றப்பத்திரிகையில் அப்படியே எழுதியதுண்டு. கணவன் உடன் இருக்கும்போது மனைவி செய்த திருட்டு அவன் வற்புறுத்தலால் நடந்தது என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். அதனால் மனைவி என்ற அடையாளம் வழக்கின் போக்கையே மாற்றக்கூடியது. தொழில் என்ன என்பதை நீங்கள்தான் சாட்சியத்திலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். ‘அவள் எனக்குத் துணி வெளுக்க வருவாள்’, ‘என் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள்’ என்று யாராவது போகிற போக்கில் சொல்லியிருப்பார்கள்.

படி 5: விலையைச் சந்தையில் தேடாதீர்கள், சட்டத்தில் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குத் தங்க இடமும் சாப்பாடும் போக ஆண்டுக்குச் சில பவுண்டுதான் சம்பளம். திருட்டின் மதிப்பு 12 பென்ஸுக்குக் குறைவானால் சிறு திருட்டு, பெரும்பாலும் கசையடியோடு முடியும். அதற்கு மேல் போனால் பெருந்திருட்டு. 1699 முதல், கடையிலிருந்து யாருக்கும் தெரியாமல் 5 ஷில்லிங் பெறுமான பொருளை எடுத்தால் தூக்கு. 1713 முதல், வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் பெறுமான பொருளை எடுத்தாலும் தூக்கு. இந்தக் கடைசிச் சட்டம் வேலைக்காரர்களைக் குறிவைத்தே வந்தது. இரண்டு பவுண்டு மதிப்புள்ள துணிமணிக்கு ஓர் உயிர்.

இப்போது தீர்ப்புகளைப் பாருங்கள். குற்றப்பத்திரிகையில் பொருளின் மதிப்பு மூன்று பவுண்டு என்றிருக்கும். பன்னிரண்டு ஆண்கள் கொண்ட நடுவர் குழுவின் (ஜூரியின்) தீர்ப்போ ‘39 ஷில்லிங் அளவுக்குக் குற்றவாளி’ என்று வரும். கடைத் திருட்டில் ‘4 ஷில்லிங் 10 பென்ஸ்’ என்று வரும். சில்லறைத் திருட்டில் ‘10 பென்ஸ்’. அந்தப் பட்டுத் துணி 10 பென்ஸுக்குப் போகாது என்று அந்த பன்னிரண்டு ஆண்களுக்கும் தெரியும், அவர்களில் பலர் கடைக்காரர்கள். தூக்கிலிருந்தோ பெருந்திருட்டுத் தண்டனையிலிருந்தோ அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார்கள், விலையைக் குறைத்துவிட்டார்கள். பிளாக்ஸ்டோன் என்ற சட்ட அறிஞர் இதைப் புண்ணியமான பொய்ச் சத்தியம் என்றார்.

ஆகவே 39 என்ற எண்ணைக் கண்டால் அது இரக்கத்தின் எண் என்று படியுங்கள். அப்புறம் அடுத்த கேள்வி: ஒரே கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு 39 ஆக்கியவர்கள், இன்னொரு பெண்ணுக்கு ஏன் 40-ஐத் தாண்ட விட்டார்கள்? பெரும்பாலும் விடை நன்னடத்தைச் சாட்சிகளில் இருக்கும். ‘மூன்று வருடம் என் வீட்டில் வேலை செய்தாள், ஒரு ஊசிகூடக் காணாமல் போனதில்லை’ என்று சொல்ல ஆள் இருந்தவர் தப்பினார். ஊருக்குப் புதிது, சாட்சி சொல்ல ஆளில்லை என்றால் கதை வேறு. தன் குணத்துக்கு நாலு பேர் சாட்சி சொல்வதே அன்று ஏழைப் பெண்ணின் சொத்து.

மதகுருச் சலுகை என்ற ஒன்றையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். முதல் முறை பெருந்திருட்டில் சிக்கிய ஆண், பைபிளில் ஒரு பத்தியைப் படித்துக் காட்டினால் தூக்குக்குத் தப்பி, கட்டைவிரலில் சூட்டோடு வெளியே வரலாம். பெண்களுக்கு இது 1623 வரை அறவே இல்லை. அந்த ஆண்டில் 10 ஷில்லிங்குக்கு உட்பட்ட திருட்டுக்கு மட்டும் கொடுத்தார்கள், 1691-இல்தான் ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது. படித்துக் காட்டும் சோதனை 1706-இல் ஒழிந்தது. 1699 முதல் 1706 வரை அந்தச் சூட்டைக் கன்னத்தில் போட்டார்கள். கன்னத்தில் சூட்டுத் தழும்போடு எந்த வீட்டில் வேலைக்குச் சேர முடியும்? இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் வழக்கு எந்தத் தேதிக்கு முன், எந்தத் தேதிக்குப் பின் என்பதைப் பொறுத்து ஒரே குற்றத்தின் விளைவு தலைகீழாக மாறும்.

படி 6: அவர் பேசும் இடத்தில் நிதானியுங்கள்

குற்றம் சாட்டப்பட்டவர் தம் வாதத்தைத் தாமே சொல்ல வேண்டும். பெருங்குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வக்கீல்கள் 1730-களில்தான் மெல்ல உள்ளே வந்தார்கள், கூலிக்காரப் பெண்ணுக்கு அதற்கும் வசதி இருக்காது. குற்றப்பத்திரிகையின் நகலும் முன்கூட்டிக் கிடைக்காது. நியூகேட் சிறையின் அழுக்கோடும் காய்ச்சலோடும் வந்து நின்று, கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒரு சாதாரண வழக்கு அரை மணி நேரம்கூட நடக்காது.

இந்த நிலையிலும் ஒரு பெண் எப்படிப் பேச முடிந்தது என்று பார்க்க சாரா மால்கமின் வழக்கைத் தேடி எடுங்கள். 1733 பிப்ரவரிக் கூட்டம், நான் மேலே சொன்ன அதே எண். சாராவுக்கு வயது 22. வழக்கறிஞர்கள் குடியிருந்த டெம்பிள் பகுதியில் அறை கூட்டி, துணி வெளுத்துக் கொடுக்கும் வேலை. அங்கே லிடியா டன்கோம் என்ற மூதாட்டியும் அவருடைய இரண்டு பணிப்பெண்களும் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார்கள். சாரா வேலை செய்த ஜான் கெரலின் அறையில் இரத்தம் படிந்த வெள்ளிக் குவளையும் துணிகளும் அகப்பட்டன. சிறையில் சோதித்தபோது தலைமுடிக்குள் ஒரு பணப்பை இருந்தது.

திருட்டை சாரா ஒப்புக்கொண்டார், படிக்கட்டில் காவல் நின்றதையும் ஒப்புக்கொண்டார். கொலையை மறுத்தார், வேறு மூவர் செய்தது என்றார். உள்பாவாடையில் இருந்த இரத்தம் மாதவிலக்கு இரத்தம் என்று, முழுக்க ஆண்களே அமர்ந்து தீர்ப்பு சொல்லும் அந்த மன்றத்தில் வெளிப்படையாகச் சொன்னார். வெட்கம் மறைக்கச் சொன்னாலும் தேவை பேச வைக்கிறது என்று முன்னுரை வேறு. அப்புறம் கேட்டார்: உடுத்தியிருந்தபடி நான் கொன்றிருந்தால் மேலே கட்டிய ஏப்ரனில் இரத்தம் படலாம், உள்ளே இருந்த துணியில் எப்படி வந்தது? உள்ளுடையோடு மட்டும் கொன்றேன் என்றால் ஏப்ரனில் எப்படி வந்தது? எப்படிச் செய்திருந்தாலும் கழுத்துப் பக்கமும் கையும் சுத்தமாக இருக்க, கீழ்ப்பகுதியில் மட்டும் கறை ஏன்?

துணி வெளுக்கும் பெண்ணின் வாதம் இது. எந்தக் கறை எங்கே விழும், எங்கே ஊறும் என்று தொழில் கற்றுக்கொடுத்த அறிவு வாதமாக வந்து நிற்கிறது. நடுவர் குழு ஏற்கவில்லை. 1733 மார்ச் 7 அன்று, கொலை நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஃப்ளீட் தெருவில் தூக்கிலிட்டார்கள். அதற்குச் சில நாள் முன் ஓவியர் ஹோகார்த் சிறைக்குப் போய் அவரைப் பார்த்து வரைந்த ஓவியம் இப்போது ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அவர் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வியை முதலில் எடுக்காதீர்கள் என்பேன். எந்த வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது, யார் யாரை நம்பினார்கள், ஒரு நாளில் எத்தனை வீட்டு வேலை என்று குறித்துக்கொண்டே போங்கள். ஒரு துப்புரவுப் பெண்ணின் உலகம் அந்தச் சாட்சியங்களில் முழுசாக இருக்கிறது.

படி 7: குழந்தை இறந்த வழக்குகளுக்குத் தனிச் சட்டம் என்பதை மனதில் வையுங்கள்

மற்றக் குற்றங்களில் குற்றத்தை நிரூபிக்க வேண்டியவர் வழக்குப் போட்டவர். 1624-இல் வந்த சட்டம் இதை மணமாகாத தாய்க்கு மட்டும் புரட்டிப் போட்டது. பிறந்த குழந்தையின் சாவை அவர் மறைத்தார் என்று தெரிந்தாலே கொலைதான். குழந்தை இறந்தே பிறந்தது என்பதை அவர் சாட்சி வைத்துக் காட்ட வேண்டும். தனியாக, சத்தம் வெளியே வராமல் பெற்றெடுத்தவர் சாட்சிக்கு எங்கே போவார்? பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரப் பெண்கள். கர்ப்பம் தெரிந்தால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும்.

இங்கே தேட வேண்டிய சொல் லினன் (linen, துணி). பிறக்கப்போகும் குழந்தைக்குத் துணி தைத்து வைத்திருந்தார் என்று காட்டினால், கொல்லும் எண்ணமில்லை என்று நடுவர் குழு எடுத்துக்கொள்ளும். பெட்டியின் அடியில் மடித்து வைத்த ஒரு சிறு தொப்பி உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. நுரையீரலைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் குழந்தை மூச்சுவிட்டது என்று சொல்லும் சோதனையும் வரும். 18-ஆம் நூற்றாண்டில் அதை நம்புவது குறைந்துகொண்டே போனது, தண்டனைகளும் அரிதாயின. சட்டம் நீங்கியது 1803-இல்.

இந்தச் சட்டத்தின் முகத்தைப் பார்க்க லண்டனுக்கு வெளியே ஒரு வழக்கு: ஆன் கிரீன். ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு பிரபுவின் வீட்டில் வேலை செய்தவர், அவ்வீட்டுப் பேரனால் கர்ப்பமானவர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்காக 1650 டிசம்பர் 14 அன்று தூக்கிலிட்டார்கள். உடற்கூறு பாடத்துக்காக உடலைப் பெற்ற வில்லியம் பெட்டி முதலான மருத்துவர்கள் சவப்பெட்டியைத் திறந்தபோது மூச்சு இருந்தது. பிழைக்க வைத்தார்கள். மன்னிப்பு கிடைத்தது, கல்யாணமும் ஆனது, குழந்தைகளும் பெற்றார்.

படி 8: தீர்ப்போடு நிறுத்தாதீர்கள்

தூக்கு என்று எழுதியிருந்தால் தூக்கிலிட்டார்கள் என்று பொருளல்ல. மரண தண்டனைக்குப் பின் ‘வயிற்றில் பிள்ளை இருக்கிறது’ என்று ஒரு பெண் சொல்லலாம். உடனே அங்கிருக்கும் பெண்களிலிருந்து ஒரு குழு அமைத்துச் சோதிப்பார்கள். அந்த நீதிமன்றத்தில் பெண்கள் தீர்ப்பு சொன்ன ஒரே இடம் அது. குழந்தை வயிற்றில் அசைகிறது என்று அவர்கள் சொன்னால் தண்டனை தள்ளிப்போகும், பலருக்குப் பிறகு மன்னிப்பே கிடைத்தது.

1718 சட்டத்துக்குப் பின் பெரும்பாலோர் போனது அமெரிக்காவுக்கு. சாதாரணப் பெருந்திருட்டுக்கு 7 ஆண்டு, தூக்கிலிருந்து மன்னிக்கப்பட்டவர்களுக்குப் பொதுவாக 14 ஆண்டு. மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் ஏலம் போல விற்று வேலை வாங்கினார்கள். அமெரிக்கப் போரில் அந்த வழி அடைபட்டதும் 1787-லிருந்து ஆஸ்திரேலியா. 1790-இல் சிட்னி சேர்ந்த லேடி ஜூலியானா கப்பலில் 200-க்கும் மேற்பட்ட பெண் கைதிகள் இருந்தார்கள்.

பெயரை வைத்து மேலும் தேட இரண்டு இலவச இணையதளங்கள் உண்டு. லண்டன் லைவ்ஸ் என்பதில் 1690 முதல் 1800 வரை ஏழைகள் நிவாரணம், மருத்துவமனை, பிரைட்வெல் திருத்தச் சிறை ஆகியவற்றின் ஆவணங்கள் இருக்கின்றன. டிஜிட்டல் பனோப்டிகான் என்பதில் 1780-க்குப் பின் தண்டனை பெற்ற சுமார் 90,000 பேரின் வாழ்க்கைத் தடங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பெயரோடு வயதும் வட்டாரமும் பொருந்தினால் மட்டும் ஒருவர் என்று கொள்ளுங்கள்.

படி 9: குற்றக் கூண்டில் மட்டும் தேடாதீர்கள்

சாட்சி சொல்ல வந்தவர்கள், வழக்குப் போட்டவர்கள், பாதிக்கப்பட்டவர்கள் என்ற வகையிலும் உழைக்கும் பெண்கள் நிறைய வருகிறார்கள். 1767-இல் எலிசபெத் பிரௌன்ரிக் என்ற மருத்துவச்சி தூக்கிலிடப்பட்டது, ஏழைகள் இல்லத்திலிருந்து பணிப்பயிற்சிக்கு அழைத்து வந்த மேரி கிளிஃபோர்டு என்ற சிறுமியைச் சித்திரவதை செய்து கொன்றதற்காக. கூட இருந்த இன்னொரு சிறுமி மேரி மிட்செல்தான் வீட்டுக்குள் நடந்ததைச் சாட்சி சொன்னாள். அதைப் படிப்பது கடினம், படித்தே ஆக வேண்டும்.

படி 10: ஒருமுறையாவது ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பாருங்கள்

ஐரோப்பாவின் மற்ற ஊர்களில் நடைமுறையே வேறு. ஆம்ஸ்டர்டாமில் நடுவர் குழு இல்லை, நகர அதிகாரிகள் கைதியைக் கேள்வி கேட்டு வாக்குமூலம் வாங்கி எழுதி வைத்தார்கள். 1664-இல் டென்மார்க்கிலிருந்து வீட்டு வேலை தேடி அங்கே வந்த 18 வயது எல்ஸ்ய கிறிஸ்டியான்ஸ், வாடகை பாக்கிக்காக நடந்த சண்டையில் வீட்டுக்காரியைக் கோடாரியால் அடித்துக் கொன்றார். சண்டை முற்றியது வாடகைக்காக அவருடைய பெட்டியை எடுத்துக்கொள்வதாக வீட்டுக்காரி சொன்னதிலும், துடைப்பத்தால் அடித்ததிலும் என்று வாக்குமூலம் காட்டுகிறது. கம்பத்தில் தொங்கவிட்ட அவர் உடலை ஓவியர் ரெம்பிராண்ட் இரண்டு கோட்டோவியங்களாக வரைந்தார். அதில் இருப்பது யார் என்பதை, இந்த வழக்கின் பதிவுகளை வைத்து 20-ஆம் நூற்றாண்டில் ஆவணக் காப்பாளர் ஒருவர் கண்டுபிடித்தார். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் விடுதியொன்றில் வேலை செய்த சுசன்னா மார்கரெட்டா பிரான்ட், குழந்தையைக் கொன்றதற்காக 1772 ஜனவரி 14 அன்று வாளால் தலை துண்டிக்கப்பட்டார். அப்போது அதே ஊரில் இருந்த இளம் வழக்கறிஞர் கோத்தே அந்த வழக்கை அறிந்திருந்தார், அவர் எழுதிய ஃபவுஸ்ட் நாடகத்தின் கிரெட்ஷென் பாத்திரம் அதிலிருந்து உருவெடுத்தது.

இந்த ஏடுகள் லண்டன் ஏடுகளைவிட ஒரு விதத்தில் செழிப்பானவை: எங்கே பிறந்தாய், எப்போது ஊருக்கு வந்தாய், எங்கெல்லாம் வேலை பார்த்தாய் என்று அதிகாரிகள் கேட்டு எழுதினார்கள். இன்னொரு விதத்தில் ஆபத்தானவை: சித்திரவதை செய்தோ அதைக் காட்டி மிரட்டியோ வாங்கிய வாக்குமூலங்களும் அவற்றில் உண்டு. ஒரு விடையைப் படிக்கும்போது அது எத்தனையாவது விசாரணை, முதல் நாள் சொன்னதும் கடைசி நாள் சொன்னதும் ஒன்றா என்று பாருங்கள். மாறியிருந்தால் இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைத் தூக்கி எறிய வேண்டாம்.